கொத்தாய்ப் பூத்த மரம்

பாகீரதி கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, ஜாதிக்காய் மரத்திலிருந்து உதிர்ந்து கிடந்த பூக்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே படுக்கையில் அவள் புருஷன் கல்யாணராமனின் உயிர் போயிற்று. அவளுக்கு அது தெரியாது. எழுந்து போகவேண்டும், எழுந்து போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் கடுத்தன. துலா மாதத்து ஐப்பசி மழை ராத்திரி முழுக்கக் கொட்டிவிட்டு விடிகிற சமயத்தில்தான் விட்டிருந்தது. கல் ஈரமாக இருந்தது. புடவை நனைகிறது என்று தெரிந்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. கொல்லைக் கதவுக்கு அப்பால் கரமனையாறு கலங்கலாக ஓடுகிற சத்தம் கேட்டது. அரைமணி நேரமாவது உட்கார்ந்திருப்பாள்.

பிறகு எழுந்து, கால் கழுவிக்கொண்டு, இரண்டாம் கட்டுக்குள் வந்தாள். "இன்னிக்கும் ஒண்ணையும் காணோம்" என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே படுக்கைக்குப் பக்கத்தில் போனாள். நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள். அப்போதுதான் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. மூன்று வருஷமாக அசைகிற ஒரே கையான இடது கை, படுக்கைக்கு வெளியே மல்லாந்து கிடந்தது.

அந்தக் கையைத் தூக்கிப் படுக்கைமேல் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. முதுகுதான் விட்டுப்போகிற மாதிரி வலித்தது.

ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வந்த சேஷன், அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். இருபத்தாறு வயசு, சர்க்காரின் ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா, அப்பா இருந்த அதே செக்ஷன். அப்பாவின் பாதம் இரண்டையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு அத்தையைக் கூப்பிடப் போனான்.

அத்தை சிவகாமியம்மாள் கல்யாணராமனுக்கு மூத்தவள். மூன்று வீடு தள்ளி இருந்தாள். வந்தவள் தம்பியின் முகத்தைத் தடவி ஒரு பாட்டம் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு பாகீரதியிடம் திரும்பினாள்.

"எப்போடி?"

"இப்போத்தான்."

"நீ பக்கத்துல இருந்தியோ?"

"இருந்தேன்" என்றாள் பாகீரதி. அந்தப் பொய் தானாகவே வந்தது.

"தீர்த்தம் விட்டியோ?"

அதற்குப் பதில் சொல்வதற்குள் சிவகாமியம்மாளின் பார்வை சுவாமி அலமாரிக்குப் போய்விட்டது. மாமனார் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பு அங்கே இருந்தது. ஈயத்தால் வாய் அடைத்த சின்னச் செப்புச் சொம்பு. உயிர் போகிற சமயத்தில் உடைத்து இரண்டு சொட்டு வாயில் விடுவதற்காகவே முப்பது வருஷமாக அது அங்கே இருக்கிறது. ஈயம் அப்படியே இருந்தது.

"பிரிக்கவே இல்லையே."

"அதுக்குள்ளே போயிட்டார், அக்கா."

சிவகாமியம்மாள் சொம்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். தெருப் பெண்கள் நாலு பேர் வந்து கூடம் நிறைந்த பிறகுதான், யாரிடமோ சொல்வதுபோல ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு சொம்பைப் பிரிக்க நேரமில்லையாக்கும் என்றாள். காலம்பர காலம்பர கொல்லையில் போய்க் கல்லுமேல் சும்மா உட்கார்ந்துகொள்ள மட்டும் நேரம் இருந்தது, எங்காத்துக் கொல்லையிலிருந்து நான் தினம் பார்க்கிறேனே என்றாள். பாகீரதிக்குக் கோபம் வரவில்லை. நாத்தனார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தாள்.

வாத்தியார் வந்தார். தெருவில் பிணம் கிடக்கிறவரைக்கும் கோவிலில் நைவேத்தியம் நடக்காது, உச்சிப் பூஜைக்கு முன்னால் எடுத்துவிடவேண்டும் என்று அவசரப்படுத்தினார். பாளையங்கோட்டையில் இருக்கிற பெண் விஜயலக்ஷ்மிக்குத் தந்தி கொடுத்தாகிவிட்டது, எப்படியும் நாளைக்குத்தான் வருவாள், காத்திருக்கவேண்டாம் என்று முடிவாயிற்று. சொம்பின் ஈயத்தை வாத்தியாரே பாக்குவெட்டியால் நெம்பி எடுத்தார். சேஷன் அப்பாவின் வாயில் கங்கை ஜலத்தை விட்டான். அது உள்ளே இறங்காமல் கடைவாய் வழியாக வழிந்து கழுத்தடியில் ஓடியது. பாகீரதி முந்தானையால் ஒற்றி எடுத்தாள். மூன்று வருஷமாகக் கஞ்சியை ஒற்றி எடுத்த அதே மாதிரி.

*

அந்த மரத்துக்கு வயசு பத்து.

ஆரம்பத்தில் கல்யாணராமன் சாலைக் கடைவீதியில் ஜாதிக்காய் வாங்கிவந்து விதைத்தார். ஒரு தடவை வெறுமனே நட்டார், ஒரு தடவை பாலில் ஊறப்போட்டு நட்டார். இரண்டு தடவையும் மண்தான் மிச்சம். கச்சேரியில் அவரைப் பார்க்கிறவர்களெல்லாம், "ஓய், ஜாதிக்காய் ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, ஆயிண்டிருக்கு என்பார்.

தாசையன்தான் விஷயத்தைச் சொன்னார். பொன்முடி எஸ்டேட்டில் ரைட்டர். நெய்யூர்ப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். கரத்தீர்வை கட்டுகிற காகிதங்களோடு மாதம் ஒரு தரம் கச்சேரிக்கு வருவார். கடையில் விற்கிற கொட்டை காய்ந்து செத்தது, ஜாதிக்காய் பழத்திலிருந்து விழுந்த ஈரத்தோடு மண்ணுக்குள் போகவேண்டும், நாலு நாள் காற்றுப் பட்டால் போச்சு என்றார். அடுத்த தடவை வரும்போது ஒரு மூங்கில் குழாயில் ஈரப் பாசியைத் திணித்து, அதற்குள் ஐந்து கொட்டை கொண்டுவந்தார். ஓடு கறுத்துப் பளபளவென்று இருந்தது.

பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஆற்று மணலை நிரப்பி ஐந்தையும் படுக்கவைத்துப் புதைத்தார்கள். ஐம்பது நாள் ஒன்றும் இல்லை. பாகீரதிதான் மணல் காயாமல் தண்ணீர் தெளித்தாள். கல்யாணராமன் கச்சேரிக்குப் போகுமுன் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம் தகரத்துக்குள் எட்டிப் பார்ப்பார். மூன்று முளைத்தன. ஒன்றைப் பெருச்சாளி கடித்தது. இரண்டைக் கொல்லையில் வாழைமர நிழலில் நட்டார்கள், ஒன்று கிணற்றடியில், ஒன்று மாட்டுக்கொட்டில் ஓரத்தில். அரிசி கழுவின தண்ணீரெல்லாம் அதுகளுக்குத்தான் போயிற்று. தெருவில் அந்த வீட்டுக்கு ஜாதிக்காய் அகம் என்றே பேர் விழுந்தது.

ஏழு வருஷம் கழித்து இரண்டும் பூத்த வருஷம்தான் கல்யாணராமனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது.

அக்ரஹாரத்துக் கொல்லை வீட்டின் அகலம்தானே இருக்கும். இரண்டு மரமும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கிணறு முழுக்கச் சருகு விழுந்து தண்ணீர் நாற ஆரம்பித்தது. ஒன்றை எடுத்துவிடவேண்டும் என்று ஆயிற்று. எது இருக்கட்டும் என்று பாகீரதி கேட்டாள். அவர் அப்போதுதான் நாக்குத் திரும்பிக் குழறிக் குழறிப் பேச ஆரம்பித்திருந்தார். "தண்ணி விட்டவ நீ. நீயே பாத்துச் சொல்லு" என்றார்.

அவள் போய் நின்று பார்த்தாள். கிணற்றடி மரத்தில் இலைக்கு இலை கொத்துக் கொத்தாகப் பூ, மெழுகில் செய்த குட்டி மணிகள் மாதிரி. கொட்டில் ஓரத்து மரத்தில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கொட்டில் ஓரத்து மரத்தை வெட்டச் சொன்னாள். அந்த ஆடி மாதத்துக் கர்க்கடக மழைக்கு அடுப்புக்கு அதுதான் விறகு.

அடுத்த வருஷமும் கிணற்றடி மரம் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஒரு பிஞ்சு நிற்கவில்லை.

போன வருஷம் இடவ மாதத்தில், வைகாசி வெயிலில், தாசையன் கொல்லைப்பக்கமாக வந்தார். அவர் எப்போதும் ஆற்றங்கரை வழியாகக் கொல்லைக்குத்தான் வருவார். அன்றைக்குச் சேஷன் அப்பாவைத் தூக்கிவந்து பின்கட்டு வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்த்தியிருந்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தாசையன் ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்து பார்த்தார். இன்னொன்றைப் பிளந்தார். வெட்டின மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மற்றதன் பூ எப்படி இருந்தது என்று விசாரித்தார். பாகீரதி சொன்னாள்.

"அம்மா, இது ஆணாக்கும். இது பூக்கும், காய்க்காது. நீங்க வெட்டுனதுதான் பெண்ணு. பெண்ணு ஒண்ணு ரெண்டாட்டுத்தான் பூக்கும். ரெண்டும் நின்னுருந்தா நல்லா காய்ச்சிருக்கும்."

அவளுக்கு முதலில் அந்த மரத்தைப் பற்றித் தோன்றவில்லை. தண்ணி விட்டவ நீ என்று அவர் சொன்னதுதான் காதில் கேட்டது. அவரிடம் சொல்லவேண்டாம் என்று தாசையனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதறிப்போய், சொல்லமாட்டேன் அம்மா என்றார். வெயிலில் வந்த மனுஷனுக்கு மோர் எடுத்துவர உள்ளே போனாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு கல்யாணராமனுக்கு நாற்காலியில் உட்காரவும் முடியாமல் போயிற்று. அதற்கு முன்னால் மரத்தைப் பற்றி எப்போதாவது கேட்கிறவர், தினமும் கேட்க ஆரம்பித்தார். காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து முடித்ததும் இடது கையால் கொல்லைப்பக்கம் காட்டுவார். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு." அவள் போவாள். பார்க்க ஒன்றும் இல்லாததால் கல்லின்மேல் உட்காருவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, இன்னிக்கும் ஒண்ணையும் காணோம் என்பாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். பதினாறு மாதம் இப்படிப் போயிற்று. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ காலையில் வாயெடுத்தாள். ஏழு வருஷம் காத்திருந்தவர், காலும் கையும் போய்க் கிடக்கிறவர், அவருக்கு மிச்சம் இருக்கிற ஒன்றும் என் கையால் போயிற்று என்று எப்படிச் சொல்வது. அவர் போகிறவரைக்கும் தெரியாமல் இருந்தால் மதி, அது போதும் என்று நினைத்தாள்.

இன்றைக்கு அவர் போய்விட்டார். அவருக்குத் தெரியாமலே போயிற்று. ஆனால் தெரியாமல் இருக்கவேண்டும் என்று கல்லின்மேல் உட்கார்ந்திருந்ததில், பக்கத்தில் இல்லாமல் போனாள்.

*

பதினொன்றரை மணிக்கு எடுத்தார்கள். தெருக்கோடி திரும்புகிறவரைக்கும் சேஷனின் முதுகு தெரிந்தது. கோவில் மணி அடித்தது. பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு கூடத்தைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். பாகீரதி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கக் கொல்லைக்கு வந்தாள். நீ எதற்கு என்று யாரோ சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

கொல்லைக் கதவருகில் தாசையன் குடையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார். சரக்கு ஏற்ற வண்டியோடு சாலைக் கடைவீதிக்கு வந்தவர், அங்கே கேள்விப்பட்டு நடந்தே வந்திருக்கிறார். எடுத்தாச்சா என்று கேட்டார். எடுத்தாச்சு என்றாள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உதடு அசைந்தது. ஜெபம் போல இருக்கிறது.

பாகீரதி வாளியைக் கிணற்றில் விடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்தினேள்" என்றாள். "அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. அது மதி எனக்கு."

தாசையன் நிமிர்ந்து பார்த்தார். குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அம்மா, செத்தவிய காரியத்துல நான் பொய் சொல்லப்பிடாது. சாமிக்குத் தெரியும்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணைக்கு நீங்க மோர் எடுக்கதுக்கு உள்ள போனியள்லா. அப்பம் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாரு. 'கையும் காலும்தான் போச்சு தாசையா, காது நல்லாக் கேக்கும்'னாரு. 'வெட்டுனது பெண்ணு, அப்படித்தானா'ன்னு கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்லுகதுக்கு? ஆமான்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"செத்த நேரம் மரத்தையே பாத்துட்டு இருந்தாரு. பொறவு, 'நான் கேட்டதாட்டு அவகிட்டச் சொல்லாத. அவளாட்டு வந்து சொல்லட்டும், அப்பம் கேட்டுக்கிடலாம்'னாரு. அதுக்குள்ள நீங்க மோரோட வந்துட்டிய."

ஆற்றில் யாரோ துணி அடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பாகீரதி கயிற்றை விட்டாள். வாளி கிணற்றுச் சுவரில் இடித்துக்கொண்டே போய்த் தண்ணீரில் விழுந்தது.

போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. தாசையன் வந்துபோன மறுநாள் காலையிலிருந்துதான் அவர் தினமும் கேட்டார். இன்றைக்குக் காலையிலும் கேட்டார். குரல் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது, கை கொல்லைப்பக்கம் நீண்டது. அவள், ஆகட்டும், பாக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"நான் சொல்லியிருக்கப்பிடாது" என்றார் தாசையன்.

"சாரமில்லே, பரவாயில்லே" என்றாள். "வெயில்ல வந்திருக்கேள். தீட்டு வீடு, ஒண்ணும் குடுக்கறதுக்கில்லே."

அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லி, அவர் குடையை விரித்துக்கொண்டார். பிறகு வந்த வழியே ஆற்றங்கரையோடு போனார். பாகீரதி நீரை இறைத்தாள். ஒரு வாளி, இரண்டு வாளி. மூன்றாவது வாளியை மேலே கொண்டுவர முடியாமல் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவகாமியம்மாள் பின்கட்டிலிருந்து பார்த்துவிட்டு வந்து, கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"மதி. அவா கழுவிப்பா. வா, தலைக்கு விட்டுக்கலாம்."

ஆற்றுப் படியில் கூட்டம் இல்லை. தெருப் பெண்கள் இரண்டு பேர் முங்கிவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கலங்கி வேகமாகப் போனதால் இறங்கவேண்டாம் என்று பாகீரதியைப் படியிலேயே உட்காரவைத்து, சிவகாமியம்மாள் செம்பால் மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். பாதித் தண்ணீர் தோளில் விழுந்தது.

"அக்கா" என்றாள் பாகீரதி.

"ம்."

"அவர் போறச்சே நான் பக்கத்துல இல்லே. கொல்லையில உக்காந்திண்டிருந்தேன்."

செம்பு தண்ணீரில் அமிழ்ந்தபடியே நின்றது.

"அந்த மரம் காய்க்காது. ஆண் மரம். காய்க்கற மரத்தை நான்தான் பாத்துப் பாத்து வெட்டச் சொன்னேன். ஒன்றரை வருஷமா எனக்குத் தெரியும். அவர்ட்ட சொல்லலே. நான் வந்து சொல்லுவேன்னு அவர் தினமும் கேட்டுண்டே இருந்திருக்கார். இன்னிக்கும் கேட்டார்."

கரையில் நின்ற பெண்கள் புடவையைப் பிழிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிவகாமியம்மாள் அவர்களைப் பார்த்தாள். பிறகு பாகீரதியின் பிடரியில் கையை வைத்தாள்.

"குனி" என்றாள். "தலை இன்னும் நனையலே."

இன்னும் நாலு செம்பு ஊற்றினாள்.

*

கூடம் கழுவி ஈரமாக இருந்தது. இரண்டாம் கட்டில் படுக்கையைச் சுருட்டி எடுத்துப்போயிருந்தார்கள். அந்த இடம் இவ்வளவு பெரிசா என்று பாகீரதிக்குத் தோன்றியது. அடுத்த தெருவிலிருந்து உறவுக்காரர்கள் சாதம் கொண்டுவருவார்கள், ஆண்கள் திரும்ப இரண்டு மணி ஆகும் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கட்டுக்கும் நடுவில் இருந்த நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் அது தன்னுடையது என்றே தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். சிவகாமியம்மாள் எதிரே உட்கார்ந்து, தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அது தானாக ஓய்ந்த பிறகு பாகீரதி சரிந்து, ஈரத் தரையில் கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக ஒரு காதை அவர் படுக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே படுத்தவள். கண்ணை மூடின மாத்திரத்தில் மூச்சு சீராயிற்று.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. ஸ்ரீவராகத்திலிருந்து உறவுக்காரர்கள். பெண்கள் ஆறு பேர் இறங்கினார்கள். படி ஏறும்போதே தலையில் கையை வைத்துக்கொண்டு குரல் எடுத்தார்கள். வந்தவர்கள் செத்தவரின் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுவதும், அவள் ஒவ்வொருவரோடும் சேர்ந்து அழுவதும்தான் முறை. சிவகாமியம்மாள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். வாசலுக்குப் போய் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெள்ள. அவ தூங்கறா."

"தூங்கறாளா? இப்பவா?" என்றாள் முன்னால் வந்தவள்.

"ஆமா. அழறதா இருந்தா இங்கேயே நின்னு அழுதுட்டு உள்ளே வாங்கோ."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எடுத்த அழுகை பாதியில் நின்றுபோயிற்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கால் கழுவிக்கொண்டு, ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள். நடையில் பாகீரதி காலை நீட்டிக் கிடந்தாள். தாண்டக்கூடாது என்று, ஆறு பேரும் புடவையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரோடு முதுகு உரசப் பக்கவாட்டில் நகர்ந்து போனார்கள்.